மினி பஸ் வீட்டுப் பைலட்டுக்கு

சரவணா,

போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. நான் வாயைத் திறந்தாலே "சரிம்மா, டூட்டி இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். விமானமே பறக்காத நாட்களில் அது என்ன டூட்டியோ, எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் உன் அப்பா இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். அனுப்புவதற்கு முன்னால் படித்தும் பார்ப்பார். தன்னைப் பற்றி வரும் இடங்களில் "இது பொய்" என்று ஓரத்தில் கிறுக்கினாலும் கிறுக்குவார். நீ அதைக் கண்டுகொள்ளாதே.

உன் கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. இந்த நேரம் பார்த்து உன் கம்பெனி, எண்ணெய் விலையைத் தாங்க முடியவில்லை என்று, குத்தகைக்கு எடுத்திருந்த சின்ன ஜெட் விமானங்களை எல்லாம் திருப்பிக் கொடுக்கிறது. இனிமேல் இறக்கையில் காத்தாடி வைத்த விமானங்கள் மட்டும்தான் என்கிறார்கள். ஜெட்டில் கோ-பைலட்டாக இருந்த உங்களைக் கூப்பிட்டு, விருப்பமிருந்தால் பயிற்சி எடுத்துக்கொண்டு அதற்கு மாறுங்கள், இல்லையென்றால் விலகிக்கொள்ளுங்கள், இந்த வாரக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீ விலகப்போவதாகச் சொல்கிறாய். பெரிய கம்பெனி எதிலாவது ஜெட் வேலை கிடைக்கும்வரை வீட்டில் இருப்பாயாம். அது போதாதென்று, "கல்யாணம் முடியற வரைக்கும் நித்யா வீட்டுக்குத் தெரிய வேணாம்மா" என்று என்னிடம் வாக்கும் கேட்டாய். நானும் "ம்" என்றேன். இப்போது அந்த "ம்" என்ன கதியானது என்று சொல்வதற்கு முன்னால், வேலையைப் பற்றி நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொள்.

எனக்கு விமானம் தெரியாது. ஆனால் டீசல் தெரியும். நீ பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் சோறு வெந்ததே டீசலில்தான். உன் அப்பா ஆரணி–வேலூர் ரூட்டில் சொந்தப் பெரிய பஸ் ஓட்டிக்கொண்டிருந்தது உனக்கு நன்றாக நினைவிருக்கும். முன்கண்ணாடிக்கு மேலே உன் பெயர், பின்னால் இரண்டு மயில், பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஊரைக் கூட்டும் ஏர் ஹாரன். அவர் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தால் கலெக்டர் தோற்றார். முகூர்த்த நாளில் பட்டுப்புடவை வாங்க வருகிற கூட்டம் படிக்கட்டு வரை தொங்கும். அவருக்கு அந்த நாட்கள் மட்டும்தான் கண்ணில் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் மத்தியான டிரிப்பில் டிரைவர், கண்டக்டர், நாலு பேர், ஒரு மூட்டை முருங்கைக்காய் என்று வேலூர் வரைக்கும் போய் வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் அந்த இன்ஜின் குடிக்கிற டீசல் ஏறக்குறைய ஒன்றுதான். டீசல் விலை ஏற ஏற, காலியாக ஓடும் சீட்டுகளைத்தான் நாம் காசு கொடுத்துச் சுமந்துகொண்டிருந்தோம்.

டீசலை மிச்சம் பிடிக்க அவர் என்னவெல்லாம் செய்தார் என்பதும் உனக்குத் தெரியும். பாண்டிச்சேரியில் டீசல் மலிவு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே பாண்டிச்சேரிக்குக் கல்யாண டிரிப் யார் கேட்டாலும், என்ன வாடகை சொன்னாலும் சரி என்று தலையாட்ட ஆரம்பித்தார். போன டிரிப்பில் லாபமே இல்லை, ஆனால் டேங்க் நிறைந்திருக்கிறதே என்று சிரித்த முகமாகத் திரும்பி வருவார். டிரிப்புக்காக டீசல் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், டீசல் போடுவதற்காக டிரிப் பிடித்த ஒரே ஆள் உன் அப்பாதான். நீ பைலட் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த புதிதில் நான் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தபோது, "எங்க கம்பெனியும் அதான்மா பண்ணுது" என்றாயே. விமான எண்ணெய்க்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு வரி, அதனால் மலிவான ஊரில் அதிகமாக நிரப்பிக்கொண்டு வருவோம், ஆனால் அந்தக் கனத்தைத் தூக்கிப் பறக்கவே கொஞ்சம் எண்ணெய் எரிந்துவிடும், இரண்டையும் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்வோம் என்றாய். அன்றைக்கு உன் அப்பா முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. "பார்த்தியா, ஏரோப்ளேன்காரனே என்ன மாதிரி யோசிக்கிறான்" என்று அன்று முழுக்க என்னை விடவில்லை.

அப்போதே இன்னொன்றும் விளக்கினாய். சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, டம்ளரைக் கையில் பிடித்து மேலே ஏற்றி இறக்கிக் காட்டினாய். ஜெட் மேலே போகப்போகத்தான் சிக்கனமாகப் பறக்கும், சென்னையிலிருந்து சேலம் மாதிரி பக்கத்து ஊருக்கு என்றால் ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும், எண்ணெய் தண்ணீராகப் போகும் என்றாய். காத்தாடி விமானம் அவ்வளவு உயரம் போகாது, அவ்வளவு வேகமும் இல்லை, ஆனால் குட்டி ஊருக்குப் போய் வர அதுதான் கட்டுப்படியாகும், கொஞ்சம் நேரம் கூடுதலாகும் அவ்வளவுதான் என்றாய். அப்படியானால் எல்லோரும் அதையே வாங்க வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். எண்ணெய் விலை இறங்கினால் எல்லாக் கம்பெனியும் ஜெட் பக்கம் ஓடும், ஏறினால் அவசர அவசரமாகத் திருப்பிக் கொடுக்கும், டிக்கெட் விலையை ஏற்றினால் ஜனம் ரயிலுக்குப் போய்விடும், எந்த விமானம் வருகிறதோ அதன் பின்னால்தான் பைலட் வேலையும் வரும் போகும் என்று நீதான் சொன்னாய். ஊருக்கெல்லாம் விளக்கமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அதே விஷயம் தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஏதோ உன்னை மட்டும் குறி வைத்து அடித்த மாதிரி உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாய். உன் கம்பெனி உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லையடா. ஜெட்டைத்தான் வேண்டாம் என்றது.

ஆனால் உனக்கு வலிப்பது எங்கே என்று எனக்குத் தெரியும். "காத்தாடி பிளேனும்மா, பசங்க கிண்டல் பண்ணுவானுங்க" என்று முதல் நாளே வாய் தவறிச் சொல்லிவிட்டாய். இது உன் அப்பா ரத்தம். பெரிய பஸ்ஸை பர்மிட்டோடு விற்றுவிட்டு இரண்டு மினி பஸ் எடுக்கலாம், பெரணமல்லூர் பக்கத்துக் கிராமங்களுக்கு ஓட்டலாம் என்று நான் சொன்ன அன்று அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். "நானா? மினி பஸ்ஸா? வேலூர் பஸ் ஸ்டாண்ட்ல அத்தினி பேரும் என்னை அண்ணன்னு கூப்ட்டுகினு இருக்கானுங்க, நான் போயி ஆட்டுக்குட்டிய ஏத்திகினு சுத்தணுமா?" என்று கேட்டார். பஸ்ஸை விற்கச் சம்மதித்தார், ஆனால் மினி பஸ் சீட்டில் ஏற மாட்டேன் என்றார். இரண்டு வண்டிக்கும் டிரைவர் வைத்தோம். அவர் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போவார், மத்தியானம் வந்து படுப்பார். ரூட் பர்மிட் இல்லாத பஸ் மாதிரி வீட்டுக்கும் கடைக்குமாக நின்று நின்று போனார். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிய ஆரம்பித்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு முகூர்த்த நாள். மினி பஸ் டிரைவர் கண்ணனுக்கு அன்றைக்கு அவன் தங்கை கல்யாணம். மாற்று ஆளாக வர வேண்டியவன் வரவே இல்லை. வண்டி ஷெட்டிலேயே நிற்கிறது, வழியில் இருக்கும் ஊர்க்காரர்கள் எனக்குப் போன் போட்டபடி இருக்கிறார்கள். தறி வீட்டு அம்மாக்கள் நெய்து முடித்த புடவையை ஆரணியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். நான் ஒன்றும் கெஞ்சவில்லை. சாவியை அவர் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஜல்தியா கிளம்புங்க, இல்லன்னா நீங்களே போன எடுத்து இன்னிக்கி வண்டி வராதுன்னு சொல்லுங்க" என்றேன். "பேஜார் புடிச்ச வண்டி" என்று திட்டிக்கொண்டே எடுத்துப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்த மனுஷனின் வெள்ளைச் சட்டை முழுக்கப் புழுதி. ஏரிக்கரை வளைவில் எதிரே பால் வண்டி வந்திருக்கிறது. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் பள்ளம். வண்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு கரை முடியும் வரை பின்னாலேயே எடுத்திருக்கிறார். மெயின் ரோட்டில் ஒரு தடவை கியர் போட்டால் அடுத்த ஊர் வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், இங்கே நூறு அடிக்கு ஒரு வளைவு, வளைவுக்கு ஒரு ஸ்டாப்பிங். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதுல ஒக்காந்துகினு இருந்தா போதும்டி. இதுலதான் ஓட்டத் தெரியணும்" என்றார். மறுநாள் கண்ணன் வேலைக்கு வந்தபோது, "நீ அந்த வண்டிய எடுத்துக்கோ, இது என்னோட வண்டி" என்று சொல்லிவிட்டார். இன்று வரைக்கும் அந்தச் சீட்டை வேறு யாருக்கும் விடவில்லை.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்று உனக்கே புரியும், நீ படித்தவன். நீ ஓட்டப்போகும் விமானம் குட்டை ஓடுபாதையில் இறங்கும், ஒரு நாளைக்கு நாலு ஊர் பார்க்கும், மழை மேகத்துக்கு மேலே தாண்டிப் போக முடியாமல் அதைச் சுற்றிச் சுற்றிப் போகும் என்று நீயே குறையாகச் சொன்னாய். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தனை தடவை ஏற்றி இறக்குகிறவனுக்குக் கை பழகுமா, வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குப் பழகுமா? பறக்காமல் இருந்தால் லைசென்ஸுக்கே கேள்வி வரும், மறுபடியும் பரீட்சை, மறுபடியும் பயிற்சி என்று நீதான் சொல்லியிருக்கிறாய். காத்தாடி விமானத்தின் கேப்டன்கள் ஜெட் கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள், அதனால் அங்கே கேப்டன் சீட் சீக்கிரம் வரும் என்று உன் நண்பன் ஒருவன் அன்று நம் வீட்டில் சாப்பிடும்போது சொன்னான். நீ அப்போது பேச்சை மாற்றினாய். நான் மாற்றவில்லை, மனதில் வைத்துக்கொண்டேன். எண்ணெய் விலை மறுபடியும் இறங்கும், ஜெட் மறுபடியும் வரும். அப்போது ஆள் எடுக்கிறவர்கள், கேப்டனாகப் பறந்துகொண்டிருக்கிறவனைக் கூப்பிடுவார்களா, அம்மா வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவனைக் கூப்பிடுவார்களா? இந்தக் கம்பெனியும் ஒரு நாள் கதவைச் சாத்தலாம். சாத்தட்டும். அன்றைக்கு உன் கையில் பறந்த மணிக்கணக்கு இருக்கும். அதை யாரும் குத்தகைக்கு விட்டவனிடம் திருப்பிக் கொடுக்க முடியாது.

சரி, இப்போது அந்த "ம்" விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று நித்யா வீட்டார் முகூர்த்தப் புடவை எடுக்க வெம்பாக்கத்திலிருந்து ஆரணிக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் புடவையாக இருந்தாலும் பெண் கை வைத்த புடவைதான் எடுக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம் ஆயிற்றே. கடைக்காரர் விரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார், ஜமக்காளம் தெரியாத அளவுக்குப் புடவை. அவளோ கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பெரியப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், உனக்குத் தெரியும். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க மாப்பிள்ளை ஜெட்டு ஓட்றாருங்க. இன்னா சம்பந்தியம்மா, கல்யாணத்துக்கு ஜெட்டுலயே வந்து எறங்குவாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன். பின்னாலேயே வந்தாள். "அத்தை, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவரு ஒரு மாசமா சரியாவே பேசறதில்லைங்க. எதனா கேட்டா டூட்டின்னு சொல்லி வச்சிடறாரு. அவருக்கு இந்தக் கல்யாணம் புடிக்கலைங்களா?" என்றாள். செய்யாறு ஷூ கம்பெனியில் அத்தனை பேரை வேலை வாங்குகிற பெண், என் எதிரில் இப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். எனக்கு உன் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. உனக்குக் கொடுத்த "ம்"மை அந்த இடத்திலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். எண்ணெய் விலை, திரும்பிப் போகிற ஜெட், காத்தாடி விமானம், நீ விலகப்போவதாகச் சொல்வது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அவ்ளோதானா அத்தை?" என்றாள் அவள். "அவருக்கு வேற யாரோ பொண்ணு இருக்குதுன்னு இல்ல நான் நெனைச்சிகினு இருந்தேன். இன்னிக்கி பொடவை எடுக்க வேணாம், கல்யாணத்தையே நிறுத்திடலாம்னு காலையில எங்கம்மாகிட்ட அழுதுட்டு வரேன்."

படித்தாயா? மறுபடியும் ஒரு தடவை படி. உன் கௌரவத்தைக் காப்பாற்ற நினைத்து எதை விடப் பார்த்தாய் என்று தெரிகிறதா? ஜெட் போனதால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜெட் போனதைச் சொல்ல வெட்கப்பட்டதால் நேற்றோடு எல்லாம் முடிந்திருக்கும்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பெரியப்பா விடவில்லை, "ஏம்மா, ஜெட்டுக்காரர் வூட்டுப் பொடவைய கொஞ்சம் பெருசா பாரு" என்றார். அவள் அத்தனை பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, "இனிமே ஜெட் இல்ல பெரியப்பா. எண்ணெய் வெல ஏறிடுச்சுன்னு கம்பெனியில மாத்தறாங்க. அவரு காத்தாடி வச்ச பிளேன் ஓட்டப் போறாரு" என்று சொன்னாள். நீ இன்னும் சரி என்றே சொல்லாத வேலையை உன் சார்பில் அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காத்தாடி வச்சதா? அது தாழப் பறக்குமே. அப்ப நம்ம கொல்லையில நின்னுகினே மாப்பிள்ளைய பாக்கலாமா?" என்றார். கடைக்காரரே விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு பச்சைப் புடவையின் மேல் கை வைத்தாள். பில் போட்டாயிற்று.

அந்த மனிதரின் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. இந்நேரம் வெம்பாக்கம் முழுக்கச் செய்தி போயிருக்கும். நீ மறைக்க வேண்டிய ஆள் இனி ஒருவரும் மிச்சமில்லை, சரவணா. அவளிடம் நானாகச் சொல்லிவிட்டேன் என்று உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், கல்யாணத்துக்கு வரும்போது நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இப்போது கம்பெனிக்குச் சரி என்று பதில் அனுப்பு. அனுப்பியதும் எனக்குப் போன் செய்யாதே, அவளுக்குச் செய். எடுத்ததும் டூட்டி என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா